வாவிக்கரைப் பாதையைச் சேறும் நிழலுமாகவே விட்டுவையுங்கள்

மட்டக்களப்பு வாவிக்கரையின் அபிவிருத்திக்குப் பொறுப்பாக இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

புதூர், திமிலைத்தீவு, வீச்சுக்கல்முனை, சேத்துக்குடா என்று வாவியைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஊர்களில் ஒன்றிலிருந்து இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக எங்கள் ஒழுங்கைகளில் ஒரே பேச்சு. கரையோரப் பாதையை அழகுபடுத்தப் போகிறார்களாம், இன்டர்லொக் கல் பதிப்பார்களாம், வரிசையாக விளக்குக் கம்பம் நடுவார்களாம், கரையில் நிற்கும் பற்றைகளைத் துப்புரவாக்கிவிட்டுக் கல் அடுக்கி நேராக்குவார்களாம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊர்ப்பேச்சு என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். ஆனால் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்து இறங்கிய பிறகு எழுதுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இந்தப் பாதையை மண்பாதையாகவே விட்டுவையுங்கள். கரைச் சேற்றில் வளரும் மரங்களான கண்டலையும் கண்ணாவையும் தில்லையையும் வெட்டாதீர்கள். இரவில் அங்கே இருட்டு இருக்கட்டும். ஒதுக்கிய பணம் இருந்தால் அதை நல்லபடி செலவழிக்க இதே கரையில் நிறைய வேலை கிடக்கிறது, அதையும் சொல்கிறேன்.

இந்தப் பாதையில் நடக்காதவர்களுக்கு அது வெறும் பற்றையும் சேறுமாகத்தான் தெரியும். ரோட்டிலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரியும். விடிகிற நேரம் உள்ளே இறங்கி நடக்க வேண்டும். முதலில் நம்மைக் காண்பது ஆள்காட்டிக் குருவி. நாம் இன்னும் அதைப் பார்த்திருக்க மாட்டோம். அது கத்திக் கத்தி ஊருக்கே சொல்லிவிடும். அதன் சத்தத்துக்குக் கரையில் நிற்கிற மற்றப் பறவைகளும் தலையைத் தூக்கும். பற்றைக்குள் புலுனிக் கூட்டம் சருகைக் கிளறிக்கொண்டு ஆளை ஆள் திட்டுகிற மாதிரிக் கத்தும். செண்பகம் தாழ்வாகப் பறந்து தில்லைக்குள் போய் ஒளியும். காலடியில் ஏதோ அசையும். பார்த்தால், அதுவரை சேற்று நிறத்தில் குந்திக்கொண்டிருந்த குருட்டுக்கொக்கு. எழும்பிச் செட்டையை விரித்தவுடன் முழுக்க வெள்ளை. எத்தனை தரம் பார்த்தாலும் அந்த மாற்றம் எனக்கு அலுப்பதில்லை.

தண்ணீரோரமாகக் கொஞ்சம் பொறுமையாக நின்றால் சின்ன வெள்ளைக் கொக்கு மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். கறுத்த சொண்டு, கறுத்த கால், ஆனால் பாதம் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். அது சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு காலை முன்னே வைத்து, சேற்றுக்குள் படபடவென்று நடுங்க வைக்கும். அதில் கலங்கி வெளியே பாய்கிற குஞ்சு மீனையும் இறாலையும் அடுத்த நொடியே கொத்தும். பிறகு மற்றக் கால். இப்படியே ஒரு துண்டுக் கரையை முழுதாக மேய்ந்துவிட்டுத்தான் நகரும். இந்த வேலைக்கு அதற்குத் தேவை நாலைந்து விரற்கடை தண்ணீரும், அதன் கீழே மெல்லிய சேறும்.

நான் சொல்ல வந்த விசயத்தின் மையமே இந்தச் சேறுதான். தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள்.

வாவிக்கரை ஒரே அடியாக ஆழமாவதில்லை. கரையிலிருந்து மெல்ல மெல்லச் சரிந்து போகிறது. அந்தச் சரிவில் ஒவ்வொரு பறவைக்கும் அதனதன் கால் நீளத்துக்கு ஏற்ற இடம் இருக்கிறது. ஈரச் சேற்றில், தண்ணீர் படாத இடத்தில் உள்ளான் வகைகள் ஓடி ஓடிக் கொத்தும். அதற்கு அங்கால் குருட்டுக்கொக்கு, அப்புறம் சின்ன வெள்ளைக் கொக்கு, இன்னும் உள்ளே பெரிய வெள்ளைக் கொக்கு, சாம்பல் நாரை, மஞ்சள் சொண்டோடு குனிந்து துழாவும் சங்குவளை நாரை. ஆழத்தில் நீர்க்காகமும் கூழைக்கடாவும். ஒன்றோடு ஒன்று இடத்துக்குச் சண்டை பிடிக்காமல் அத்தனையும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிடுவது இந்தச் சரிவினால்தான். கரையில் கல் அடுக்கி, உள்ளே மண் நிரப்பி, நேர்கோடாக ஒரு மதில் எழுப்பினால் என்ன நடக்கும்? மதில் முடிகிற இடத்திலேயே ஆழம் தொடங்கும். நீர்க்காகமும் கூழைக்கடாவும் மட்டும் பிழைத்துக்கொள்ளும். மற்ற எல்லாவற்றுக்கும் நிற்க இடம் இல்லாமல் போய்விடும். யாரும் கல்லால் அடித்துத் துரத்த வேண்டியதில்லை. சுவடே இல்லாமல் தாமாகப் போய்விடும். ஓரிடத்தில் கரை இப்படி நேராக்கப்பட்ட பிறகு நான் போய்ப் பார்த்திருக்கிறேன். நடக்க வசதியாகத்தான் இருந்தது. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

இந்த வாவி வருசம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. மாரியில் மேற்கேயிருந்து வெள்ளம் வந்து நிரம்பும், ஊருக்குள் ஏறப் பார்க்கும், கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டினால் வடியும். கோடையில் வற்றி, பாதையின் ஓரத்தில் சேற்றுவெளி அகலமாகத் திறந்து கிடக்கும். நம் பக்கத்தில் கடலின் வற்றுப் பெருக்கு மிகச் சிறியது. ஆகவே கரையின் அகலத்தைத் தீர்மானிப்பது மழையும் முகத்துவாரமுந்தான். வரைபடத்தில் ஒரு கோடு போட்டு இதுதான் கரை என்று சொன்னால் வாவி அதைக் கேட்காது. தண்ணீர் ஏறி இறங்குகிற அந்தப் பட்டி முழுவதுமே கரை. மாரியில் அது தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்வதால்தான் எங்கள் வளவுகளுக்குள் வருவது கொஞ்சமாவது குறைகிறது. அதை மண் போட்டு நிரப்பினால் அந்தத் தண்ணீர் வேறெங்கே போகும்? எங்கள் குசினிக்குள்தான் வரும்.

வலசை வருகிற பறவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வருகிற வலசைப் பாதையின் கடைசி முனை இலங்கை. இதற்குத் தெற்கே அண்டார்க்டிக்கா வரை கடல்தான். சைபீரியாப் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுப் புரட்டாதி, ஐப்பசியில் இங்கே வந்து இறங்குகிற சின்னஞ்சிறு உள்ளானுக்கு இனிப் பறந்து போக வேறு இடம் கிடையாது. பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறப்பதற்கு வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றில் கிடைக்கும் புழுவிலும் நண்டுக் குஞ்சிலுந்தான் அது சேர்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வருகிற உல்லாசப் பயணிகளுக்கு நாம் காட்ட நினைக்கிற அழகை விட, இவ்வளவு தூரம் வந்த விருந்தாளிக்குச் சோறு போடுவது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

சரி, இனி மரங்களுக்கு வருகிறேன். “பற்றை” என்று எழுதி வெட்டச் சொல்லிவிடுவது சுலபம். அங்கே நிற்பது என்ன என்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். கண்டலின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கி, பருவம் வந்ததும் நேராக விழும். தண்ணீர் வற்றிய நேரமென்றால் அப்படியே சேற்றில் குத்தி நின்றுவிடும். தண்ணீர் இருந்தால் மிதந்து போய்த் தோதான இடத்தில் ஒதுங்கி வேர் விடும். கண்ணாவுக்கு வேறு வழி. அதன் வேர்கள் சேற்றுக்கு மேலே விரல் விரலாக எழும்பி நின்று மூச்சு விடும், ஏனென்றால் கீழே சேற்றில் காற்று கிடையாது. வேரால் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளும். கோடைக் காலையில் கண்ணா இலையின் மேல் விரலை வைத்துத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பு கரிக்கும். ஆனால் தில்லையோடு இந்த விளையாட்டு வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதை விறகுக்குக்கூடத் தொட மாட்டார்கள்.

அந்த வேர்களுக்கு நடுவே நண்டு வளைகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பை விடப் பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும், பெண் நண்டைக் கூப்பிட. நம் நிழல் விழுந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வளைக்குள் மறையும். ஆடாமல் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாகக் கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வரும். இந்த வளைகள் வழியாகத்தான் சேற்றுக்குள் காற்றும் தண்ணீரும் போய் வருகின்றன. மரம் அதனால் வாழ்கிறது. மரத்தின் இலை விழுந்து மக்கி நண்டுக்கும் இறால் குஞ்சுக்கும் சாப்பாடாகிறது. ஒன்றை எடுத்தால் மற்றதும் போகும்.

இதை என்னை விட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் தோணிக்காரர்கள். விடியற்காலையில் வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிற ஐயா ஒருவரிடம் இந்த அழகுபடுத்தல் பேச்சைச் சொன்னேன். வலையில் சிக்கியிருந்த குப்பையை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “கண்ணாவ வெட்டினா குஞ்சு இறால் எங்க தம்பி போய் ஒதுங்கும்? மறுகா நாங்க எங்க போற?” அவருக்கு இதில் அரசியலும் இல்லை, பறவை பார்க்கிற பொழுதுபோக்கும் இல்லை. கடலில் பிறந்த இறால் குஞ்சாக உள்ளே வந்து, கண்டல் வேருக்குள் ஒளிந்து வளர்ந்து, பெருத்த பிறகுதான் வலைக்கு வரும். நாம் கறிக்கு வாங்குகிற இறாலும் நண்டும் கூனியும் இந்தக் கரையிலிருந்து வருகிறவைதான். திட்டம் போடுகிற மேசையில் இப்படிப்பட்ட ஒருவருக்கும் ஒரு கதிரை போடுங்கள். தோணி ஏற்றுகிற இடங்கள் எவை, வலை காயப்போடுகிற இடங்கள் எவை என்பதெல்லாம் அவர்கள் வாயால் சொல்லித்தான் தெரியவரும்.

வெட்டிவிட்டு வேறு இடத்தில் கன்று நட்டுக் கணக்குச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்லக்கூடும். 2004 சுனாமிக்குப் பிறகு நாடு முழுவதும் கண்டல் கன்றுகள் நட்டார்கள். மனமார நட்டார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை என்று காட்டியது. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்ட பிறகு திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. தானாக முளைத்து நிற்கிற மரம் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொண்டது. அதை விட நல்ல நாற்றுமேடை நம்மால் செய்ய முடியாது. 2015இல் இலங்கை தன் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக உலகுக்கு அறிவித்தது. நாட்டின் கண்டல் மீட்பு வேலையை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி முயற்சிகளில் ஒன்றாகத் தெரிவு செய்தது. அந்தப் பெருமை எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் நிற்கும் கண்ணாவுக்கும் பொருந்த வேண்டாமா?

இந்தக் கரையில் ஆட்கள் கண்டவுடன் தடி தேடுகிற உயிர் கபரகொய்யா, தண்ணீரோரம் வாழும் பெரிய உடும்பு இனம். அதற்காகவும் கொஞ்சம் பேச விரும்புகிறேன். நஞ்சு, கடிக்கும், வாலால் அடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையை அடித்துப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் ஆள் அரவம் கேட்டாலே அது தண்ணீருக்குள் சரிந்துவிடும். சாய்ந்து கிடந்த கண்ணாவின் அடியில் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். முதுகில் மஞ்சள் புள்ளிகள் வரிசை வரிசையாக. செத்து ஒதுங்கிய மீன் ஒன்றைத் தலைப்பக்கமாக விழுங்கிக்கொண்டிருந்தது. கழுத்தைப் பக்கவாட்டில் ஒரு உதறு, மீன் கொஞ்சம் உள்ளே. இன்னொரு உதறு, இன்னும் கொஞ்சம். வால் மட்டும் வாயோரத்தில் நின்றபோது தலையை மேலே தூக்கி ஒரே விழுங்கு. பிறகு பிளந்த கருநீல நாக்கை நீட்டி, மண்ணைத் தடவித் தடவி, வேறேதும் மிச்சமிருக்கிறதா என்று தேடியது. அது மட்டும் இல்லையென்றால் செத்த மீனும் கோழிக் கழிவும் நம் மூக்கைத் துளைக்கும். இந்த வாவிக்கரையில் சம்பளம் வாங்காமல் துப்புரவு வேலை பார்க்கிறது அது.

என் மருமகன் ஆறாம் தரம் படிக்கிறான். உடும்பையும் கபரகொய்யாவையும் இப்போது தூரத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவான். உடும்புக்கு மூக்குத் துளை கண்ணுக்கும் மூஞ்சி நுனிக்கும் நடுவில் இருக்கும்; கபரகொய்யாவுக்கு நுனியை ஒட்டி இருக்கும், நீந்தும்போது நுனியை மட்டும் வெளியே வைத்தால் போதும் என்பதற்காக. இதை அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதையில் நடந்து நடந்து, பார்த்துப் பார்த்து, “மாமா, இதுக்கு ஏன் மூக்கு முன்னுக்கு இருக்கு?” என்று அவனே கேட்டான். பதிலையும் வாவியிலேயே பார்த்துக் கண்டுபிடித்தான். இரண்டையும் காப்பதற்கு 1937ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் இருப்பதை இங்கே ஒரு பலகையாவது சொல்ல வேண்டும்.

பலகை என்றவுடன் முதலைப் பேச்சும் வருகிறது. வாவியில் முதலை இருக்கிறது. அதை மறைத்துப் பேசி நான் இந்தக் கரையை அழகாகக் காட்ட விரும்பவில்லை. முதலை ஏறிப் படுக்கிற இடங்கள் தோணிக்காரர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு, அந்த இடங்களில் படத்தோடு எச்சரிக்கைப் பலகை வையுங்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கைகால் கழுவுகிற பழக்கத்தைப் பற்றிப் பாடசாலைகளில் சொல்லுங்கள். மீன், இறைச்சிக் கழிவுகளைத் தண்ணீரோரமாகக் கொட்டுவதை நிறுத்துங்கள். முதலையைக் கரைக்குக் கூப்பிடுவதே அதுதான். மதில் கட்டினால் முதலை போய்விடாது, மதிலுக்கு அந்தப் பக்கம் நம் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும்.

விளக்கு விசயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளிச்சம் கேட்கிறவர்களின் பயம் நியாயமானது. எங்கள் வீட்டுப் பெண்கள் பொழுதுபட்ட பிறகு அந்தப் பக்கம் தனியே போவதில்லை. அவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். அதை ரோட்டிலும், பஸ் தரிப்பிடத்திலும், ஒழுங்கைகள் பாதையில் வந்து சேருகிற முனைகளிலும் போடுங்கள். தாழ்வான கம்பம், நிலத்தைப் பார்த்துக் கவிழ்த்த விளக்கு, மஞ்சள் வெளிச்சம். வாவியைப் பார்த்து வெள்ளை வெளிச்சம் அடிக்கிற பெரிய கம்பங்கள் மட்டும் வேண்டாம். மாரி தொடங்குகிற காலத்தில் கண்ணா மரங்களில் மின்மினி நிறைகிறது. ஆண் பூச்சி மின்னி, பெண் பூச்சி பதிலுக்கு மின்னித்தான் அவை இணை சேருகின்றன. நம் விளக்கு அந்தப் பேச்சை அழித்துவிடும். கொஞ்ச வருசத்தில் மின்மினியே இருக்காது. இரவில்தான் வக்கா என்கிற இராக்கொக்கு இரை தேட வருகிறது. இருட்டில்தான் மீன் மேலே வருகிறது. கல்லடிப் பாலத்தடியில் நிலவு இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்து, மீன் பாடுகிறதா என்று கேட்ட ஊர் இது. மீன்பாடும் தேனாடு என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். அந்தப் பாட்டைக் கேட்க இருட்டும் அமைதியும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

இனிக் குப்பை. இதில் நான் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது, கொட்டுவது நாங்கள்தான். 2017 செப்டெம்பரில் சோறு கட்டுகிற பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கும் பொலித்தீன் பைகளுக்கும் தடை வந்தது. வாவிக்கரைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இரவில் ஓட்டோவிலும் லேண்ட் மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்திலும் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். குப்பை வந்தால் காகமும் நாயும் வரும். அவை குப்பையோடு நிற்பதில்லை. ஆள்காட்டி வெறும் நிலத்தில் முட்டையிடுகிறது. கானாங்கோழி கரைப் புல்லுக்குள் கறுத்தக் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு திரிகிறது. மணல் திட்டுகளில் கட்டலான் குருவி வளை தோண்டி முட்டை வைக்கிறது. நாய்க்கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த வருசத்துக் குஞ்சுகள் அவ்வளவும் போச்சு. பக்கத்து அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருசத்தில் சுமார் 20 யானைகள் செத்தன என்ற செய்தி 2022இல் உலகம் முழுக்கப் போனது. யானை செத்தால் செய்தி வருகிறது. கானாங்கோழிக் குஞ்சு செத்தால் வருவதில்லை.

இதற்கு வழி பெரிய செலவு இல்லை. வாகனம் உள்ளே இறங்குகிற இடங்களில், ஆளும் பைசிக்கிளும் மட்டும் போகிற அளவுக்கு இடைவெளி விட்டு, கம்பங்கள் நட்டால் போதும். தோணிக்காரர்கள் எஞ்சினும் மீன் பெட்டியும் கொண்டுபோகிற இடத்தை மட்டும் திறந்து வையுங்கள். ஒழுங்கைகளுக்குள் குப்பை எடுக்கிற உழவு இயந்திரம் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வரட்டும். வராத வாரங்களில்தான் கரை நிரம்புகிறது.

நடக்கிறவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்றால், மாரியில் சேறு கலங்கி நடக்கவே முடியாத துண்டுகளில் மட்டும் தூண் வைத்து உயர்த்திய பலகைப் பாதை போடலாம். கீழே தண்ணீரும் நண்டும் தம்பாட்டில் போய் வரும், மேலே ஆட்கள் போய் வருவார்கள். கொழும்பை ஒட்டிய கோட்டேயில் பெத்தகான சதுப்புநிலப் பூங்காவில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பெருநகரத்துக்கு நடுவே சதுப்பு நிலத்தைச் சதுப்பு நிலமாகவே வைத்திருந்ததற்காக 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற உலக உடன்படிக்கையின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் அங்கே வீடுகளுக்குப் பின்னால் வாழ்கின்றன. நம்மிடம் இருப்பது வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, 56 கிலோமீற்றர் நீளம் என்று சொல்கிற வாவி. அதில் நகரத்தை ஒட்டி, இன்னும் கல் அடுக்காமல் கிடக்கும் கரைத் துண்டுகளைத்தான் கேட்கிறேன்.

பலகைகளைத் தமிழில் எழுதுங்கள். பறவையின் படத்தையும், எங்கள் ஊரில் அதைக் கூப்பிடுகிற பெயரையும், எந்த மாதத்தில் பார்க்கலாம் என்பதையும் போடுங்கள். படங்களை இந்தப் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளையே வரைய விடுங்கள். தான் வரைந்த நாரை நிற்கிற கரையில் எந்தப் பிள்ளையும் யோகட் கப்பை எறியாது. மரங்களுக்குப் பெயர் எழுதும்போது ஆணி அடிக்க வேண்டாம், பக்கத்தில் கம்பு நட்டு எழுதுங்கள். இருக்கைகள் வேண்டுமென்றால் கரையிலிருந்து உள்ளே தள்ளி, நிழலில் ஒன்றிரண்டு போதும். தண்ணீரோரமாக வரிசையாகப் போட்டால் அங்கே உட்காருவது நாங்களாகத்தான் இருக்கும், பறவையாக இருக்காது. கடைகள், பாட்டுப் பெட்டிகள், படம் எடுக்கிற வளைவுகள் எல்லாம் கல்லடிக் கடற்கரையோடு இருக்கட்டும். அங்கே அவற்றுக்கு இடமும் கூட்டமும் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரைபடம் வரைகிறவரை ஒருமுறை கோடையிலும் ஒருமுறை மாரியிலும் விடிய ஆறு மணிக்கு இந்தப் பாதையில் நடக்க வையுங்கள். வாகனத்தில் வந்து ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போவது போதாது. நாங்கள் கூட வருகிறோம், தோணிக்காரர்களும் வருவார்கள். அதற்குப் பிறகு தயாராகிற வரைபடத்தை, எந்த மரம் நிற்கும், எந்த மரம் போகும், எங்கே மண் நிரப்புவார்கள் என்ற விபரத்தோடு, தமிழில் ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள். வேலை தொடங்குவதற்கு ஒரு மாதமாவது முன்னால் ஒட்டுங்கள், எங்கள் கருத்தை எழுத்தில் தருகிறோம்.

இப்படிக்கு,
மேற்குப் பக்கத்து வாவிக்கரையில் தினமும் நடக்கிற ஒருவர்,
மட்டக்களப்பு.